தமாதா நடத்திய வங்கி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவனிடம் எதை வேண்டுமானாலும் நம்பிக் கொடுத்துவிடுவார்கள். பார்மெனுக்கு ஒரு வங்கி வாய்த்தது அப்படித்தான்.

ரியோனி ஆற்றங்கரையில் பார்மெனைப் போல ஒரு தமாதா கிடையாது. கல்யாணமோ கருமாதியோ, மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து யாருக்காகக் கோப்பையை உயர்த்துவது, யார் எப்போது பேசுவது, யாருக்குக் குடித்தது போதும் என்று தீர்மானிப்பவர் தமாதா. அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பரம்பரைப் பகையாளிகள் இருவரை அடுத்தடுத்து உட்காரவைத்து, விருந்து முடிவதற்குள் கட்டிப்பிடித்து அழவைத்தவர் பார்மென். சோவியத் காலத்தில் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிடங்கு அதிகாரியாக இருந்தார். அந்தக் காலம் போயிற்று, தொழிற்சாலையும் போயிற்று. அரசுச் சேமிப்பில் ஊரார் ஆயுசுக்கும் போட்டுவைத்த பணம் ஒரு ரொட்டி விலைக்கு வந்து நின்றது. பிறகு கூப்பன் என்று ஒரு பணம் வந்தது; அது அடுப்பு மூட்டத்தான் லாயக்கு. கடைசியில் லரி என்று புதுப்பணம் வந்து, அது ஒரு மாதிரி நிலைத்து நின்றபோது, அதை எங்கே வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை.

அந்த நாளில் பெட்டிக்கடை போடுவதும் வங்கி போடுவதும் ஏறக்குறைய ஒரே பாடுதான். பார்மென் போட்டார். வாசலில் ஏதோ நீளமான பெயர் எழுதிய பலகை தொங்கியது. ஊர் அதைப் படிக்கவேயில்லை. பார்மென் வங்கி என்றால் பார்மென் வங்கி. பேரன் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு, தன் சவப்பெட்டிக்கு என்று ஆளாளுக்குச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து போட்டார்கள்.

அவர் தின்று ஏப்பம் விட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தம்பிடி திருடவில்லை. கொடுத்ததுதான் கோளாறு. விருந்து மேசையில் ஒருவனுடைய செத்துப்போன அப்பாவுக்காகக் கோப்பையை உயர்த்திக் கண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் அதே ஆள் வந்து கடன் கேட்டால் எப்படி இல்லை என்பது? கொடுத்தார். என்ன ஈடு வைத்தான் என்று கேட்டால், அவன் அப்பா தங்கமான மனிதர் என்பார்.

சிசானா வந்தது மார்ச் மாதத்தில். தலைநகரத்தில் வங்கிகளை மேற்பார்வை செய்யும் துறையில் வேலை. ஐம்பது வயதிருக்கும், கழற்றாத கம்பளிக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. மின்சாரம் இல்லாத பின்னறையில் மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் பிரித்தாள். பார்மெனின் மனைவி லமாரா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஹச்சாபுரியை ஆவி பறக்கக் கொடுத்தனுப்பினாள். அது தொடாமல் திரும்பி வந்தது. மறுநாள் கோழிக்கறி போயிற்று. அதுவும் திரும்பி வந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து அவித்த முட்டையும் காய்ந்த ரொட்டியும் எடுத்துத் தின்கிறாளாம்.

ஊர் கொதித்துப்போனது. இதற்கு முன் கூலிக்குத் தணிக்கை செய்ய வந்தவர்கள் ஒரு வாரம் தின்று, பாடி, ஆளுக்கொரு ஜாடி மதுவோடு போனார்கள். எல்லாம் பிரமாதம் என்று எழுதியும் கொடுத்தார்கள். இவள் யார், எங்கள் ஊரில் கை நனைக்க மாட்டேன் என்பதற்கு? மூன்றாம் நாள் பார்மென் பொறுக்கமாட்டாமல் பின்னறைக்குப் போய் நின்றார்.

"ஏம்மா, எங்க வீட்டு ரொட்டியில விஷமா வெச்சிருக்கோம்?"

சிசானா கண்ணாடியைக் கழற்றினாள். "நானும் இந்த மண்ணுலதான் பொறந்தேன் ஐயா. உங்க உப்பைத் தின்னுட்டு உங்களுக்கு எதிரா எழுத எனக்குக் கை வராது. வாசனை மூக்கைத் துளைக்குது, அது வேற விஷயம். முட்டை தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு."

பார்மெனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறவள்தான் உப்புக்குப் பயப்படுவாள். அந்த நிமிஷமே அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் ஒவ்வொரு கடனாகக் கேட்டாள். அவர் ஒவ்வொரு ஆளாகச் சொன்னார்: இவன் பாட்டன் ஆற்றில் விழுந்த பிள்ளையைக் காப்பாற்றியவர், இவன் குரல் இருக்கிறதே, பாடினால் கல்லும் கரையும். சிசானா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும், இவர்கள் திருப்பிக் கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டாள். கேட்டால் கொடுப்பார்கள் என்றார் பார்மென். நீங்கள் கேட்டீர்களா என்றாள். ஒன்றாக மேசையில் உட்கார்ந்தவனிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை அவள் முழுக்கணக்கையும் போட்டு முடித்திருந்தாள். அன்றைக்கு ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது: வெள்ளிக்கிழமை வலிகோவுக்குக் கடன் போகிறது. போத்தி துறைமுகத்திலிருந்து மாவு மூட்டைகளை ரயில் ரயிலாக இறக்கி விற்கப்போகிறான் வலிகோ. அவன் மகனுக்கு ஞானஸ்நானத் தகப்பன் பார்மென்தான். அந்த விருந்தில், மது நிறைத்த கொம்பைக் கையில் பிடித்தபடி, நூறு பேர் முன்னால் அவர் கொடுத்த வாக்கு அது.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்று தொடங்கினாள் சிசானா. "இன்னைக்குப் பெட்டியில இருக்கறதையும், சட்டப்படி உங்க வங்கி எங்க துறையில கட்டி வெச்சிருக்கறதையும் சேத்தா, சின்னச் சின்னதாப் போட்ட அத்தனை பேருக்கும் முழுசாக் குடுத்திரலாம். வலிகோவுக்குக் குடுத்துட்டீங்கன்னா முடியாது. அப்புறம் எப்பவும் முடியாது."

"அப்ப நீங்களே நிறுத்திருங்கம்மா," என்றார் பார்மென். கிட்டத்தட்டக் கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். அவள் கையால் நின்றால் அவர் வாக்கு தவறியதாகாதே.

அவள் முடியாது என்று தலையசைத்தாள். அவளுடைய அறிக்கை ஒவ்வொரு அதிகாரியின் மேசையாக ஏறி, உத்தரவாக இறங்குவதற்கு அடுத்த வாரமாகிவிடும். பார்மெனே வங்கி நடத்தும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் நாளைக்கே நின்றுவிடும். "எண்ணிப் பாக்கத்தான் எனக்கு அதிகாரம். நிறுத்தற அதிகாரம் இன்னைக்கு உங்க கையிலதான் இருக்கு."

பிறகு, யாரும் கேட்காமலே, வேறொரு ஊரைப் பற்றிச் சொன்னாள். அங்கே போய்ச் சேர்வதற்குள் பெட்டி காலியாகிவிட்டது. வாசற்படியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, சபிக்கவில்லை. ஏன் தாயீ நீ முந்தியே வரலை என்று மட்டும் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது சிசானா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்மென் வீட்டுக்குப் போய் லமாராவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வாக்குத் தவறினால் தமாதா இல்லை. தமாதா இல்லையென்றால் பார்மென் இல்லை. லமாரா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அவருடைய பேச்சு நாற்பது வருஷப் பழக்கம், எளிதில் மயங்கமாட்டாள்.

"நீங்க மேசையில உக்கார்றது வாரத்துக்கு ஒருநாள்," என்றாள். "தெருவுல நடக்கறது தினமும். எது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

அன்று மாலை வலிகோ வீட்டில் விருந்து. கடன் வரும் சந்தோஷத்தில் பன்றி அடித்திருந்தான். அவன் மனைவி நுனு அடுக்களைக்கும் மேசைக்குமாகத் தட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். தலைப்பக்க நாற்காலி பார்மெனுக்காகக் காத்திருந்தது. அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. சுற்றி வளைக்காமல், வலிகோ, பணம் வராது, வங்கியை மூடுகிறேன் என்றார்.

வலிகோ முதலில் இதை ஏதோ வேடிக்கை என்று நினைத்தான். பிறகு முகம் கறுத்தது.

"கொம்பைக் கையில புடிச்சுக்கிட்டுச் சொன்ன சொல்லுண்ணே."

"ஆமாப்பா. சொல்லு என்னுது. ஆனா பெட்டியில இருக்கறது என் பணம் இல்ல. அடுத்தவங்க பணத்தை வெச்சு நான் வாக்குக் குடுத்திருக்கேன். தப்பு அன்னைக்கே பண்ணியாச்சு, இன்னைக்குத் திருத்துறேன்."

மாவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, என் கழுத்தை அறுத்துவிட்டாயே என்று வலிகோ கத்தினான். இனி இந்த ஆற்றங்கரையில் எந்த மேசையிலும் நீ தலைப்பக்கம் உட்கார முடியாது என்றான். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அங்கிருந்த ஒருவரும் மறுக்கவில்லை. உட்காரமாட்டேன் என்றார் பார்மென். நாற்காலியை மேசைக்கு அடியில் மெதுவாகத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் அழுதார். வீட்டு வாசலுக்கு வந்தபோது நன்றாகப் பசித்தது. உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். செய்தி பரவியதும் ஊர் வாயை யாரால் மூட முடிந்தது? சுருட்டிவிட்டான், தலைநகரத்துக்காரி அவனை மயக்கிவிட்டாள், எல்லாம் போச்சு. ஏற்கெனவே இரண்டு தடவை சூடு கண்ட பூனைகள் நாங்கள். பணம் கொடுக்கும் நாளன்று விடிவதற்கு முன்பே வரிசை ஆற்றுப் பாலம் வரை நின்றது. ஒரு கிழவர் சண்டைக்கென்றே கைத்தடியோடு வந்திருந்தார். நடக்க அவருக்குத் தடி தேவையில்லை.

சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பார்மென் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தன் கையால் கொடுத்தார். பக்கத்தில் சிசானா பெயரை வாசித்தாள். வங்கியில் அவர் போட்டிருந்த சொந்தப் பணம் போனது. கடைசியில் கொஞ்சம் துண்டு விழும்போல் இருக்க, வோல்கா காரையும் விற்றிருந்தார். ஜனங்கள் வாங்கினார்கள், எண்ணினார்கள், நம்பாமல் வாசலில் நின்று மறுபடி எண்ணினார்கள். கைத்தடிக் கிழவர் எண்ணி முடித்ததும் திரும்பி வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துப் பார்மெனின் நெற்றியில் முத்தமிட்டார். வேதியியல் வாத்தியாரம்மா சிசானாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நல்லாயிரு தாயீ, நல்லவேளை வந்தே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சிசானா அடுத்த பெயரைத் தப்பாக வாசித்தாள்.

வரிசையின் கடைசியில், முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். முக்காட்டை விலக்கியபோது பார்த்தால் நுனு. பார்மெனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பெயரில் ஒரு கணக்கு இருப்பது அவருக்கே நினைவில்லை. காசாளர் பார்த்த கணக்கு. முட்டை விற்றும் பால் விற்றும் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்தது.

அவர் எண்ணிக் கொடுத்தார். வலிகோ எப்படி இருக்கிறான் என்று கேட்டார். சுவரோடு பேசுகிறார், துறைமுகத்தில் பாதி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்வார் என்றாள் நுனு. பணத்தைக் கைக்குட்டையில் முடிந்தாள். போவாள் என்று பார்த்தால், முடிச்சை அப்படியே ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினாள்.

"இது வீட்டுல இருந்தா ஒருநாள் அவர் கண்ணுல படும். பட்டா மாவாயிடும். நீங்களே வெச்சுக்கங்கண்ணே."

"நான் இப்ப பேங்க் இல்லம்மா நுனு. மூடியாச்சு. அதுக்குத்தானே இத்தனையும்."

"பேங்க்கெல்லாம் நான் பாத்துட்டேன். எங்கம்மா போட்டது போச்சு, நான் முந்தி போட்டதும் போச்சு. திருப்பிக் குடுத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். பேங்க் இல்லன்னா என்ன?"

வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்டார்கள். கைத்தடிக் கிழவர் யோசித்தார். வாத்தியாரம்மாவும் யோசித்தாள். பிறகு ஒவ்வொருவராக, கையில் பணத்தோடு, ஜன்னலை நோக்கித் திரும்பி வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊர் வியாதி அவ்வளவு சுலபத்தில் குணமாகிவிடுமா?

"ஒரு லரி வாங்கினாலும் உங்க மேல நான் வழக்குப் போடணும் ஐயா," என்றாள் சிசானா. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு முனையால் துடைக்க ஆரம்பித்தாள், நெடுநேரம் துடைத்தாள்.

பார்மென் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நுனுவின் விரல்களை அந்த முடிச்சின் மேல் மடக்கி மூடினார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாள் முழுக்கப் பேசிய வாய் அது. அன்றைக்கு வந்தது ஒரே சொல்தான்.

"நன்றிம்மா," என்றார். பிறகு சிசானா பக்கம் திரும்பி, அதையே இன்னொரு தடவை சொன்னார்.