சொல்லாமல் வந்த சோதனை

சுகாதாரத்துறை ஆள் சூப்புக்குள் வெப்பமானியை விடும்போதெல்லாம் மார்லிஸ் மூச்சு விடமாட்டாள். உதடு மட்டும் தானாக எண்களை முணுமுணுக்கும். இன்று காலையும் தப்பித்தாள். தன் உணவுக்கடையின் கண்ணாடிக் கதவில், சுத்தத்துக்குக் கிடைத்த புதிய ‘ஏ’ தரத் தாளை ஒட்டிவிட்டுத் திரும்பினால், ஹோல்கம்ப் வழக்கமான மேசையில் உட்கார்ந்து பான்கேக்கின் மேல் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார்.

முன்பு கம்பளம் விற்ற கடையில் இப்போது தனியார் பள்ளி நடத்துகிறவர் அவர். அரிசோனாவில் எந்தப் பிள்ளையும் அரசுப் பணத்தில் தனியார் பள்ளிக்குப் போகலாம் என்று ஆனதிலிருந்து அங்கே நல்ல கூட்டம். மார்லிஸின் மகன் கோல்பிக்கு ஒன்பது வயதாகியும் வாசிப்பு வரவில்லை. அரசுப் பள்ளி நெரிசலில் அவனை யாரும் கவனிக்கவும் இல்லை. இவர் பள்ளிக்கு மாற்றலாமா வேண்டாமா என்று அவளுக்குக் கொஞ்ச நாளாகவே தூக்கம் சரியில்லை.

“சார், உங்க பசங்க ஒழுங்கா படிக்கிறாங்களான்னு யார் வந்து பாக்குறாங்க?”

“பெத்தவங்கதான். பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடலாம். அதைவிட என்ன சோதனை வேணும்?”

அரசுப் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா காபிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். “நல்லாருக்கே கதை! இவ உருளைக்கிழங்கு வறுவலைச் சோதிக்கவே ஆள் வருது. எங்க வரிப்பணம் போற இடத்துல ஈ காக்கா எட்டிப் பாக்கல.”

“எட்டிப் பாக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா?”

“சொல்லலையே,” என்றாள் மார்லிஸ். “அப்ப நானே வரேன். எப்பன்னு சொல்லமாட்டேன்.”

ஹோல்கம்ப் வாய்விட்டுச் சிரித்தார். பாகு தட்டைத் தாண்டி மேசையில் ஓடியது.

வியாழக்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்ததும், சமைக்கும்போது முடி விழாமல் போடும் தலைவலையைக் கூடக் கழற்றாமல் அவர் பள்ளி வகுப்பில் போய் நின்றாள். ஹோல்கம்ப் டையைச் சரிசெய்தார். வழியில் கிடந்த காகிதத்தைப் பொறுக்கினார். ஐயோ பாவம், நம்மைப் போலத்தான் என்று அவள் மனம் இளகியது. கோல்பியை நினைத்து இறுக்கிக்கொண்டாள்.

“ஆட்ரி, நீ வாசிம்மா,” என்றார். முன்வரிசைச் சிறுமி புத்தகத்தை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தாள்.

“அவ வேணாம் சார். எங்க கடைக்குச் சோதனைக்கு வர்ற ஆளு, நான் காட்டுற பானையைத் தொடவே மாட்டாரு.” கடைசி வரிசையில் முடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தவளைக் காட்டினாள். “அந்தப் பாப்பா யாரு?”

“டெஸ்ஸா. வந்து ஆறு மாசந்தான் ஆகுது. வரும்போது எழுத்தே தெரியாது…”

“அப்ப டெஸ்ஸாதான் வாசிக்கணும்.”

டெஸ்ஸா எழுந்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். ஹோல்கம்ப் மூச்சு விடவில்லை. அவர் உதடுகள் மட்டும் டெஸ்ஸாவுக்கு முன்பே முதல் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.