தலை பெருத்த முட்கள்

என் நாத்தனாரும் நானும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பேருந்தில் ஏறி, ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். அது போதாதென்று, இருவரும் ஒரே எலிகளின் மூளையை எண்ண வேண்டும் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

எண்ணுவது முட்களை. மூளையின் நரம்புச் செல்லுக்குக் கிளைகள் உண்டு. அந்தக் கிளைகளெங்கும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் முட்கள். அடுத்த செல் அனுப்பும் சேதியை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அவைதான். சில எலிகளை வெறும் கூண்டில் வளர்த்திருந்தேன். சிலவற்றுக்கு ஏணி, சக்கரம், ஒளிந்துகொள்ளக் குழாய் எல்லாம் கொடுத்திருந்தேன். விளையாடிய எலிகளுக்கு முட்கள் அடர்ந்திருக்கும் என்பது என் கட்சி. மூன்று வருஷமாக அதை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. பொய்த்தால் ஆய்வை இழுத்து மூட வேண்டியதுதான்.

மூளைச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளில் எது எந்த எலியுடையது என்பது துறைத் தலைவருக்கு மட்டும் தெரியும். ஆசை வைத்த கண் சரியாக எண்ணாது என்பதால் இந்த ஏற்பாடு. எண்ணி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் முட்களைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, வீட்டிலும்கூட. எங்களுக்கு வேறு பேச்சு ஏது? சாப்பாட்டு மேசை கப்சிப்.

"ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்றார் என் கணவர்.

"சண்டையெல்லாம் இல்லண்ணா, விஞ்ஞானம்," என்றாள் அவர் தங்கை.

அவர் நம்பவில்லை. சமாதானத்துக்காக இருவருக்கும் ஒரே நிறத்தில் குடை வாங்கி வந்தார்.

நான் மடமடவென்று எண்ணினேன். அவள் ஆமை வேகம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எண்ணச் சொன்னா ஒவ்வொண்ணுகிட்டயும் குசலம் விசாரிக்கிறியா?" என்று கேட்டேவிட்டேன்.

"பேசக் கூடாது அண்ணி," என்றாள், நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக இருவர் கணக்கும் ஒத்துப்போயிற்று. துறைத் தலைவர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கையில் ஒரு தாளோடு எங்கள் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"விளையாடின எலி, வெறுங்கூண்டு எலி, ரெண்டுக்கும் அடர்த்தி ஒண்ணுதான்மா. வித்தியாசமே இல்ல. எந்த ஸ்லைடு எதுன்னு இதுல இருக்கு, நீங்களே பாருங்க."

"குடுக்காதீங்க சார்!" நாத்தனார் பாய்ந்து என் முன்னால் நின்றாள். "அண்ணி பாக்கக் கூடாது."

மூன்று வருஷம் மண்ணாய்ப் போயிருக்கிறது, இவளுக்கு விதிமுறை பெரிதாகிவிட்டது.

"நான் எண்ணும்போதே வடிவத்தையும் குறிச்சு வச்சேன்," என்றாள் அவரிடம். "யாரும் கேக்கல, எனக்குத்தான் மனசு கேக்கல. ஒல்லியா இருக்கறது தனி, தலை பெருத்தது தனி. ஆனா என் கண்ணு மட்டும் போதாது. அண்ணியும் பாத்துக் குறிக்கட்டும். அதுக்கப்புறம் சொல்லுங்க."

ஒல்லி முட்கள் பெரும்பாலும் வரும், போகும். தலை பெருத்தவைதான் ஊன்றி நின்று சேதியைப் பலமாக வாங்கும். இது எனக்கும் தெரியும். எண்ணிக்கை மோகத்தில் மறந்து தொலைத்திருக்கிறேன்.

மறுபடியும் முதல் ஸ்லைடிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் வீட்டில் மௌனம். இந்தமுறை ஒவ்வொரு முள்ளிடமும் நானும் குசலம் விசாரித்துத்தான் நகர வேண்டியிருந்தது.

அடுத்தமுறை வந்த துறைத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விளையாடின எலிகளுக்குத் தலை பெருத்த முள்ளு அதிகம். நல்லாவே அதிகம். ரெண்டு பேர் கணக்குலயும்."

நான் நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன். "நீ மட்டும் குறுக்க நிக்கலேன்னா அன்னிக்கே பாத்திருப்பேன்டி. அப்புறம் என் கணக்கை எவன் நம்புவான்? நானே நம்பியிருக்க மாட்டேன்."

அன்று சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினோம். கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நிஜமாவே சண்டை இல்லையா?"

"இருந்துச்சு," என்றேன். "எனக்கு மட்டும். அவளுக்குத் தெரியாது."

"தெரியும் அண்ணி," என்றாள் அவள். "சாப்பிடுங்க."