உமி நிறைந்த கிண்ணம்

கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்க்கிற அவருக்குக் 'கழுகு' என்று பெயர். வைத்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள். அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. அடுக்கில் ஒரு மூட்டை எடை குறைந்திருந்தால், போகிற போக்கில் விரலால் சுண்டியே சொல்லிவிடுவார். "வெளிய பாத்து எண்ணுனா அது கணக்கே இல்லடா, கைய வச்சுப் பாக்கணும்" என்பது அவருடைய வேதவாக்கு. இருபது வருஷமாக ஊருக்கு உபதேசம் செய்த அந்த வாயை வீட்டில் ஒரு சின்னக் கிண்ணம் அடைத்துவிட்டது.

மகளைக் கட்டிக்கொடுத்தபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறதென்று அவர் மனைவி ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்திருந்தாள். மஞ்சள் பெட்டைக்கு மகாராணி என்று பெயர். பச்சை ஆணுக்கு மாப்பிள்ளை. விடிந்தால் அது கூண்டுக் கண்ணாடியில் முகம் பார்த்து அரட்டை அடிக்க ஆரம்பிக்கும், இருட்டும்வரை ஓயாது. நிஜ மாப்பிள்ளை மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால், அவளுக்கு இந்த மாப்பிள்ளை மேல்தான் உயிர்.

அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன். கூட இருக்க ஒரு வாரம் போகவேண்டியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தண்ணிய தெனமும் மாத்துங்க. காலைல கிண்ணத்த எடுத்து ஒரு ஊது ஊதிட்டு, அப்புறம் தினை போடுங்க. மறந்துடாதீங்க."

"ஆயிரம் மூட்டையக் கட்டி மேய்க்கிறவனுக்கு ரெண்டு குருவி ஒரு பாடா? நீ கெளம்பு."

சும்மா சொல்லக்கூடாது, தண்ணீரைத் தினமும் மாற்றினார். கூண்டின் அடியில் விரித்த பேப்பரையும் மாற்றினார். கிண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அதுதான் விளிம்புவரை நிரம்பியிருக்கிறதே, எதற்கு மேலே கொட்டி வீணாக்குவது? இந்தக் குருவிகள் தினையைத் தோலுரித்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் துப்பும் என்பது குருவி வளர்த்த எவருக்கும் தெரியும். மேலாகப் பார்த்தால் தினை மாதிரியேதான் இருக்கும். கழுகு மேலாகத்தான் பார்த்தது.

"சாப்பாடு இருக்கா?" என்று அவள் தினமும் போனில் கேட்டாள்.

"கிண்ணம் தளும்புது. ராஜபோகம்தான்."

மூன்றாம் நாள் இரண்டும் கிண்ணத்தைப் போட்டுப் பரபரவென்று கிளறின. நல்ல பசி போலிருக்கிறது, நன்றாகத் தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நாலாம் நாள் அரட்டை நின்றுபோனது. "என்ன மாப்ள, மாமியார் இல்லாம பேச்சு வரலையோ?" என்று கேலி வேறு பண்ணினார்.

ஐந்தாம் நாள் காலை மாப்பிள்ளை பேப்பர் மேல் விழுந்து கிடந்தது. கையில் எடுத்தார். கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்திபோலப் பெருவிரலில் இடறியது. மகாராணி மட்டும் இன்னும் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. என்னதான் தின்கிறதென்று குனிந்து பார்த்து அவர் விட்ட பெருமூச்சில் உமி பறந்து மீசையில் ஒட்டியது. அடியில் ஒரு மணி தினை இல்லை.

அவசரமாகத் தினையைக் கொட்டினார். மகாராணி கிண்ணத்துக்குள்ளேயே ஏறி நின்று தின்றதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலை போனில் உண்மை தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு. "கடைக்காரன் நோயாளிக் குருவிய உன் தலையில கட்டிட்டான்மா. நம்ம மாப்பிள்ள போயிடுச்சு."

ஊரிலிருந்து வந்தவள் கூண்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். மறுநாள் எழுந்தவள், "வாங்க, கடைக்குப் போலாம்" என்றாள். அவர் சொன்ன சாக்குப்போக்கு எதுவும் எடுபடவில்லை.

கடைக்காரர் சட்டைப்பையில் தினையும் தோளில் எச்சமுமாக நிற்கிற சாது மனிதர். வாசலிலேயே அவள் பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்குங்க உங்க யாவாரம்! நான் அவல் கொண்டுவரணும், நீங்க உமி கொண்டுவருவீங்க, ரெண்டு பேரும் ஊதி ஊதித் திங்கணுமா?" வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உமி என்ற சொல் காதில் விழுந்ததும் பின்னால் நின்ற அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் அவரிடம் கேட்டார்: "சார், கையில எடுத்தீங்களா? நெஞ்செலும்பு துருத்திக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா... கத்தி மாதிரி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். பட்டினியில் செத்த பறவையை எத்தனை பார்த்திருப்பார்! பிறகு அவளிடம் திரும்பி, "நோய்தாம்மா. என் தப்புதான். நான் கவனிச்சுக் குடுத்திருக்கணும். வேற ஒண்ணு எடுத்துக்குங்க" என்று கூண்டுக்குள் கையை விட்டார்.

கழுகு மனசுக்குள் கணக்குப் போட்டது: இதோடு முடிந்தது, பேசாமல் இருந்தால் போதும். கடைக்காரர் ஒரு பச்சைக் குருவியைப் பிடித்து அட்டைப்பெட்டியில் விட்டு, மூடியையும் மூடினார். அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது.

"நோய் இல்ல. நான் ஊதல. உமியப் பாத்துத் தினைன்னு நெனச்சுட்டேன். இவரு மேல தப்பே இல்ல."

அவள் கடைக்காரரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். பெட்டியை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கிண்ணத்தை எடுத்து ஊதி, தினை போட்டு வைத்தபின் சொன்னாள்:

"மறந்தது கூடப் பெருசில்லங்க. அந்த மனுஷன் உங்க மானத்தக் காப்பாத்தப் பழிய ஏத்துக்கிட்டாரே, அப்ப நீங்க சும்மா நின்னீங்க. பெட்டிய மூடுற வரைக்கும் நின்னீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கூண்டில் மகாராணி சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.