அன்று அறையில் இருந்தவர்கள்

1

வாஷிங்டனில் ஒரு மாநாட்டின் காப்பி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னதுதான் இந்தக் கதை. அவள் பெயரை மாரென் டாலிவர் என்று மாற்றியிருக்கிறேன்.

'அன்று காலை அதிபர் தன் மேசையிலிருந்து எழுந்து...'

இப்படித்தான் தொடங்கினேன். விட்டுவிட்டேன். நான் அங்கே இல்லையே.

2

மாரென் அதிபர்களை ஆராய்பவள். கஷ்டமான பிழைப்பு. வாக்காளர்கள் கோடிக்கணக்கில் கிடைப்பார்கள். அதிபர்கள் எல்லோரும் ஒரே பேருந்தில் அடங்கிவிடுவார்கள். அதில் என்ன சராசரி போடுவது? அதனால் ஓர் அதிபரின் ஒரே ஒரு முடிவை மட்டும் ஆராய்ந்து புத்தகம் எழுத உட்கார்ந்தாள். எப்போதோ இறந்துபோன ஓர் அதிபர், போருக்குப் புறப்பட்ட கப்பல்களைத் திடீரென்று ஏன் திருப்பி அழைத்தார்? ஆவணங்களில் காரணம் இல்லை. அவருடைய பழைய உதவியாளர்கள் மூவரைத் தேடிப்போய்க் கேட்டாள்.

"நானும் அவரும் மட்டுந்தாம்மா இருந்தோம். ஜன்னல் பக்கம் திரும்பி, 'கப்பல்களத் திருப்பிக் கூப்பிட்டுடுங்க, யாரோ அழறாங்க'ன்னார்."

மூவரும் தனித்தனியாக இதையே சொன்னார்கள், சொல் மாறாமல்.

கூட வேலை பார்க்கும் டெஸ்மண்ட் சிரித்தான். "பெரிய மனுஷன் பக்கத்துல நின்னேன்னு சொல்லிக்க யாருக்குத்தான் ஆசையில்ல? சொல்லிச் சொல்லி அவங்களே நம்பிட்டாங்க. அந்த அத்தியாயத்தத் தூக்கிப் போடு."

"தூக்கிப் போட்டா புத்தகமே இல்ல. புத்தகம் இல்லன்னா எனக்கு வேலையும் இல்ல."

(டெஸ்மண்டை இன்னும் கொஞ்சம் நல்லவனாக எழுதியிருக்கலாம். சீக்கிரமே பயப்படப் போகிறான், பாவம்.)

3

அந்த உதவியாளர்களில் அவள் இன்னும் பார்க்காத நாலாவது ஆள் வெண்டல் ப்ரூயிட். வர்ஜீனியாவில் தனியாக இருந்தார். ஐஸ் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அவளையே உற்றுப் பார்த்தார்.

"என்னை எதுக்கு கேக்கறே? கதவுப் பக்கத்துல நீதானே உக்காந்திருந்தே?"

"சார், நான் அப்ப பொறக்கவே இல்ல."

"அழுததும் நீதானேம்மா."

அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். மறுநாள் டெஸ்மண்டோடு உட்கார்ந்து அந்தப் பேச்சின் ஒலிப்பதிவைப் போட்டாள். கிழவரின் கேள்வி தெளிவாக இருந்தது. அவளுடைய பதில் இருக்கவேண்டிய இடத்தில் விசும்பல் மட்டும் கேட்டது.

டெஸ்மண்ட் சட்டென்று நிறுத்தினான். "மாரென்... இது நீயா?"

"ஜன்னல் திறந்திருந்துச்சு," என்றாள் அவள். "ரொம்பக் குளிர்."

"எந்த ஜன்னல்?"



4

அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு வேலையை இழந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் உயிரில்லை. மருத்துவரிடம் போனாள் என்று இன்னொன்று. அது...

காப்பி வரிசையில் அவளிடமே கேட்டேன்: "கடைசியில என்னதான் பண்ணீங்க?"

"எழுதிட்டேன். சாட்சி அஞ்சு பேர்னு, என்னையும் சேத்து."

இதற்கு மேல் என்னிடம் முடிவு கேட்காதீர்கள். அந்த அறையை இவ்வளவு நேரம் மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதன் தரைவிரிப்பு என்ன நிறம் என்று நான் எங்குமே சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?