கன்றுக் கொட்டகையில் கரியடுப்பு

உதைத்த உதையில் கதவு பிளந்து உள்பக்கம் சாய்ந்தது. முகத்தில் வந்து மோதியது வெப்பம். பனி இறுகிய காலையில், கன்றுக் கொட்டகைக்குள் இருக்கவே கூடாத வெப்பம்.

பால் லாரிக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நடுவில் இரும்புச் சட்டியில் கரி செக்கச்செவேலென்று கனன்றது. பக்கத்தில், வைக்கோல் மேல், இரண்டு கன்றுகளுக்கு நடுவே அவனுடைய அக்காள் புருஷன் மல்லாந்து கிடந்தார்.

அக்குளில் கை கொடுத்து இழுத்தான். கனத்த சரீரம். ஒரு பூட்ஸ் வழியிலேயே கழன்றுகொண்டது. வெளியே பனியில் கிடத்திக் கன்னத்தில் தட்டினான். அசைவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். ஒரு இருமல், பிறகு வாந்தி. உயிர் இருந்தது.

மறுபடி உள்ளே ஓடிக் கன்றுகளை விரட்டிவிட்டு, சட்டியை வெளியே உதைத்தான். கரி பனியில் விழுந்து சீறியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கூரையோரத்துக் காற்றுத் துளைகள் அத்தனையும் அடைபட்டிருந்தன. முக்கால்வாசியில் உள்பக்கமிருந்து சாக்கு திணித்திருந்தது.



வேறு யாராவது செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இவர் ஊருக்கே பாடம் எடுக்கிற ஆள். குளிருக்குப் பயந்து மாட்டுக் கொட்டகை ஜன்னலை மூடிய ஒருவனைப் போன வருஷம் நடுரோட்டில் நிற்கவைத்துக் கிழித்தவர். 'மாடு பிறக்கும்போதே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் பிறக்குது, குளிரைத் தாங்கும், கெட்ட காற்றைத்தான் தாங்காது' என்பார். அவரே அடைத்து, அவரே கரியும் மூட்டியிருக்கிறார்.

பனிக்காலம் தொடங்குமுன் அக்கா இறந்துபோனாள். அதற்குப் பிறகு இந்தப் பண்ணைக்கு வந்துபோகும் ஒரே மனிதன் இவன்தான். லாரித் தொட்டியில் பால் ஏறும் நேரத்துக்குள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பான். இருக்கேன் என்பார். பேச்சு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ரோடு உறைந்து கிடக்கிறது, ஆம்புலன்ஸ் தாமதமாகும், வண்டி இருந்தால் நீங்களே கூட்டி வாருங்கள், வண்டி ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள் நர்ஸ். போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டாள். தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே நடந்ததா? வேண்டுமென்றே என்றால் அவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது.

கேட்டுச் சொல்கிறேன் என்றான். பக்கத்துப் பண்ணைக்காரம்மாவிடம் போனிலேயே மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாமாவை ஏற்றிக்கொண்டு லாரியைக் கிளப்பினான்.

ஜன்னல் வழியே காற்று காதை அறுத்தது. லாரி மலைச்சரிவில் இறங்கியது. மாமா மெதுவாகச் சொன்னார்.

"அது இழுக்குற கதவு மாப்ளே. எதுக்கு உதைச்ச?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்றுகளுக்கு இருமல், அதனால்தான் அனல் போட்டேன் என்றார் அடுத்து. அது பொய். வெளியே வந்த கன்றுகள் தள்ளாடினவே தவிர ஒருமுறைகூட இருமவில்லை.

லாரியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. செத்துப்போயிடலாம்னுதான் அடைச்சீங்களா?"

அவர் பூட்ஸ் இல்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல."

"மூடின இடத்துல கரி எரிஞ்சா ஆளைக் கொன்னுடும்னு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் என்றார். குளிர் பொறுக்கவில்லை. ஒரு துளையை மட்டும் விட்டுவைத்தாராம், அதுவே போதும் என்று. பனி கொட்டி அதையும் மூடியிருக்க வேண்டும்.

கன்றுக்காக இல்லை, தனக்காகத்தான் மூட்டியிருக்கிறார். ஆனால் கம்பளியும் கட்டிலும் கணப்பும் உள்ள வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

"வீட்டை விட்டுட்டு அங்க போய் ஏன் படுத்தீங்க?"

 அவன் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"உங்கக்கா போனதுலேருந்து நான் அங்கதான் மாப்ளே படுக்குறேன். வீட்ல படுத்தா என் மூச்சு ஒண்ணுதான் கேக்குது. கன்னுக்குட்டிங்க தூங்குறப்போ, பக்கத்துல ஒரு ஆள் தூங்குற மாதிரி இருக்கு."