எங்கள் தெருவுக்கு நாற்பத்தேழு டிகிரி

"நாப்பத்தேழாம், நாப்பத்தேழு! சூரியன் எங்க தெருவுக்கு மட்டும் தனியா டியூஷன் எடுக்குதா?"

மாடி வீட்டம்மாவின் குரல் பள்ளிக்கூட வாசலில் எட்டுக்கட்டையில் நின்றது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவதற்குள் சண்டையின் முதல் பாதி முடிந்துவிட்டது. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

"அம்மா, கொஞ்சம் மெதுவா. உள்ள வகுப்பு நடக்குது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நடக்கட்டும்! பாடத்துல இதையும் சேத்துக்குங்க. காலையில ஒரு குடும்பம் என் மாடி போர்ஷனைப் பாக்க வந்தாங்க. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. தங்கமான மனுஷங்க. உங்க போர்டைப் படிச்சாங்க, வந்த ஆட்டோவிலயே திரும்பிட்டாங்க. இதோட மூணாவது குடும்பம்!"

"போர்டு உள்ளதைச் சொல்லுது. இது விஞ்ஞானம்மா."

"அடுத்த தெரு பேக்கரிக்காரர்கிட்டயும் ஒரு விஞ்ஞானம் தொங்குது. அவர் அடுப்புக்கு முன்னாடியே நாப்பத்தஞ்சைத் தாண்டல!"

இரண்டு பேருக்கும் நடுவில், கையில் சாக்பீஸோடு சயின்ஸ் டீச்சர் நின்றாள். அன்றைய எண்ணைக் கேட்டில் தொங்கும் கரும்பலகையில் அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். 'இன்று நம் தெரு: 47 டிகிரி. பூமியைக் காப்போம்.' எண் தினமும் மாறும். பூமியைக் காப்பது மட்டும் நிரந்தரம்.

டீச்சர் நிரந்தரம் இல்லை. மூன்று வருடமாகத் தற்காலிகம். "அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து, படுக்கையில் கிடக்கும் அப்பாவையும் தன்னையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் சிபாரிசில் கையெழுத்துப் போட்டால் ஆர்டர் வரும். பருவநிலை விழிப்புணர்வு வாரம் நல்லபடியாக முடிந்தால் போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. யாருக்கும் எதையும் உடனே கொடுத்துவிடாத மனுஷர்.

என் வீடு மூலை வீடு. முன் ஜன்னலில் பள்ளி வாசல், சமையலறை ஜன்னலில் ஹெட்மாஸ்டர் அறையின் பின்சுவர். அதனால் இதில் பாதியை நானே பார்த்தேன். மீதிப் பாதி என்னைத் தேடி வந்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் பருவநிலை மாற்றத்தைப் புரியவைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து பள்ளிகளுக்கு உத்தரவு வந்தது. கூடவே, வெள்ளை வண்ணம் அடித்த ஒரு மரப்பெட்டி. நாலு பக்கமும் காற்றுப் போக இடைவெளி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். பெட்டியைத் திறந்த வெளியில், சுவருக்குத் தள்ளி நட வேண்டும் என்று ஒரு குறிப்பும் வந்தது. டீச்சர் அதைப் படித்தாள். ஹெட்மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார்.

"மைதானத்துல வச்சா பந்து படும். என் அறைக்கு வெளிய மாட்டுங்க, வர்ற பெரிய மனுஷங்க கண்ணுல படட்டும்."

டீச்சர் ஒரு வாரம் பயிற்சிக்குப் போயிருந்த சமயத்தில் பெட்டி பின்சுவரில் ஏறிவிட்டது. பூமி சூடாவதைப் பற்றிய பயிற்சி அது. நடந்த அரங்கில் ஏசி குளிர் தாங்காமல் அவள் ஜலதோஷத்தோடு திரும்பி வந்தாள். வந்தவள் பெட்டியைப் பார்த்து, "சார், சுவருக்குத் தள்ளி..." என்று ஆரம்பித்தாள். அவர் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு வெயில் காலம் வந்தது. விழிப்புணர்வு பெற வருகிற விருந்தாளிகள் வேர்த்துக் கொட்டக்கூடாது என்று ஹெட்மாஸ்டர் அறைக்கு ஏசி வந்தது. அதன் வெளிப்பெட்டிக்கும் அந்தச் சுவரில்தான் இடம் கிடைத்தது. மரப்பெட்டிக்கு நேர் கீழே. அது நாள் முழுக்க உஸ் உஸ் என்று மேலே மூச்சு விட்டது. நானும் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் பார்த்த காட்சிதான். கண் இருந்து என்ன, கணக்குத் தெரிய வேண்டாமா?

எண் ஏறியது. நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. மேலிடம் அசந்துபோனது. மாவட்டத்திலேயே அதிகம் பாதிக்கப்பட்ட பள்ளி என்று பாராட்டுக் கடிதம் வந்தது. வாரத்தின் நிறைவு விழாவுக்குப் பெரிய அதிகாரியம்மாவே வருவதாகச் செய்தி. ஹெட்மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஊர் எரிகிறது, தனக்கு விருது வருகிறது என்றால் யாருக்குத்தான் நடை மாறாது?

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஏசியைச் சுத்தம் பண்ண மெக்கானிக் வந்தான். ஏணியில் ஏறியவன், மேலே பார்த்துச் சிரித்தான். எண் குறிக்க வந்த டீச்சர் கீழே நின்றாள்.

"என்ன தம்பி சிரிப்பு?"

"டீச்சர், இந்தப் பெட்டிக்கு வைத்தியம் பாக்காதீங்க. அதுக்கு ஒண்ணுமில்ல. கீழ் வீட்டுக்காரன் மூஞ்சியில ஊதுறான்." மோட்டாரை நிறுத்தினான். "ஒரு டீ குடிச்சிட்டு வரேன், அப்புறம் பாருங்க."

அவன் வருவதற்குள் நாற்பத்தேழு, முப்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. டீச்சர் பதிவு நோட்டை எடுத்துவந்து என் ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்து புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் குறித்த எண்கள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. வார நாட்களில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு. வார நாட்களிலும் நடுநடுவே பதினொரு நாள் மட்டும் முப்பத்தொன்பது.

"ஞாயித்துக்கிழமை சரி. இந்தப் பதினோரு நாள் ஏன் குளிர்ந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டாள்.

எனக்குத் தெரியும். சொல்ல வாய் ஊறியது. ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லையே.

அவள் நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். ஜன்னல் மூடியிருந்தாலும் அவர் குரல் மூடாது.

"இப்ப பெட்டிய நகத்தினா எண் இறங்கும். எண் இறங்கினா அந்தம்மா எதுக்கு வராங்க?"

"தப்பான எண் சார்."

"பூமி சூடாகுதா இல்லையா?"

"ஆகுது சார்."

"அப்புறம் என்ன தப்பு? கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்வளவுதான். நாளன்னிக்கு மேடையில நாப்பத்தேழுன்னு வாசிங்க. மேடைய விட்டு இறங்கினதும் நான் கையெழுத்துப் போடறேன். அப்பா உடம்பு எப்படி இருக்கு?"

கடைசிக் கேள்வியை எவ்வளவு அன்பாகக் கேட்டார் தெரியுமா! எனக்கே முதுகு சில்லிட்டது.

விழாவன்று தெருவே வந்தது. பிஸ்கட்டும் ஜூஸும் உண்டு என்று செய்தி பரவியிருந்தது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற பிளாஸ்டிக் பேனருக்குக் கீழே அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் மாடி வீட்டம்மா, சண்டைக்கு மிச்சம் வைத்திருந்த முகத்தோடு. பக்கத்தில் அவர் மகள்.

டீச்சர் எழுந்தாள். ஹெட்மாஸ்டரை ஒரு முறை பார்த்தாள். பிறகு பதிவு நோட்டின் எண்களை வைத்து இரவோடிரவாக வரைந்திருந்த பெரிய வரைபடத்தை விரித்து ஆணியில் மாட்டினாள்.

"எங்க எண் தப்பு. பெட்டிய ஏசி மேல மாட்டிட்டோம். வாசிச்சதும் எழுதினதும் நான்தான். இந்தத் தெருவோட உண்மையான எண் முப்பத்தொன்பது."

"நான் சொல்லல?" என்றார் மாடி வீட்டம்மா.

"முப்பத்தொன்பதும் இந்த மாசத்துக்கு ஜாஸ்திதாங்க" என்று டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். "உங்க கிணறு போன வருஷம் எப்ப வத்துச்சு, இந்த வருஷம் எப்ப வத்துச்சு?"

மாடி வீட்டம்மா விரல் விட்டு எண்ணினார். "ஒன்றரை மாசம் முன்னாடியே" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்த அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரியம்மா எழுந்து வரைபடத்தருகே வந்தார். "ஞாயிறு புரியுது. வார நாள்ல இந்தப் பள்ளங்கள் என்ன?"

"ஏசி ஓடாத நாளுங்கம்மா" என்றாள் டீச்சர். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஏசி ஏன் ஓடல?"

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார். இப்போது மாடி வீட்டம்மாவுக்குப் பேச்சு திரும்பியது.

"தேதியைப் படிங்க, நான் சொல்றேன். ஒன்பதாம் தேதியா? அன்னிக்கு மச்சினனுக்குப் பொண்ணு பாக்கப் போனாரு. பதினாறா? பல் டாக்டர். பதினேழும் பதினெட்டும் மாமியார் வீடு, நாலு பெட்டியோட போனாரே!"

இருபத்து மூன்றாம் தேதி மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் நன்மைக்காக அதை நான் சொன்னேன். தூண்டில் போட ஏரிக்குப் போயிருந்தார்.

அதிகாரியம்மா வருகைப் பதிவேட்டைக் கேட்டார். பதினொரு நாளும் ஹெட்மாஸ்டர் கையெழுத்து மணிமணியாக இருந்தது. தெர்மாமீட்டருக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். ஒரு நாள் கூடப் பொய் சொல்லவில்லை.

ஹெட்மாஸ்டரை மலை மேல் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே போர்வைதான் வேண்டும், ஏசி வேண்டாம். போகும்போது மேஜையைக் காலி செய்ததில் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதமும் காணாமல் போனது. புதிதாக வந்தவர், "அப்படி ஒரு கோப்பே இல்லையேம்மா" என்றார். டீச்சர் நாலு மாதம் வாய் திறக்காமல் தற்காலிகமாகவே பாடம் நடத்தினாள். ஐந்தாம் மாதம் அதிகாரியம்மா அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. நிரந்தரம்தான், ஆனால் வேறு ஊரில். அப்பாவை வேனில் படுக்க வைத்து, இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு போய்விட்டாள். போவதற்கு முன் மரப்பெட்டியை மைதானத்தின் நடுவில் நட்டுவிட்டுத்தான் போனாள். தினமும் பந்து படுகிறது. ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்கும் மெக்கானிக்குக்கும் முடிச்சு விழும் என்று தெருவில் பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். என் வாய்க்கு அது ஒரு சறுக்கல். காலியாகக் கிடந்த மாடி போர்ஷனுக்கு மெக்கானிக் குடிவந்தான், ஆறே மாதத்தில் மாடி வீட்டம்மாவின் மகளைக் கட்டிக்கொண்டான். மாப்பிள்ளை கையாலேயே மாடிக்கு ஏசி மாட்டினார்கள். அதன் வெளிப்பெட்டி என் வீட்டின் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேரே ஊதுகிறது.

சண்டை போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஜன்னல் கம்பியில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டிவிட்டேன். மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், எந்தெந்த நாள் திரும்பவே இல்லை என்பதெல்லாம் இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும்.