ஃபாரின் சிவப்பு

என் மனைவியின் அண்ணன் வங்கி மேலாளர். வெளிநாடு சுற்றிப் பார்க்கப் போனபோது, பெட்டி தூக்க ஆள் வேண்டுமே என்று பெயிண்டரான என்னையும் கூட்டிப் போனார். இறங்கியதிலிருந்தே கலர் கலர் என்று என் உயிரை வாங்கினார். அந்த ஊர்க் குப்பைத் தொட்டியின் பச்சையைக்கூடத் தடவிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

ஒரு வீட்டின் இரும்பு கேட் செங்காவி நிறத்தில் நின்றது. பக்கத்தில் ஒருவர் கறுப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மாப்ள, இந்தச் செவப்பு நம்ம நாட்டுல வருமா?" என்று மச்சான் பத்து போட்டோ எடுத்தார்.

"மச்சான், அது வெறும் ப்ரைமர். துருப்பிடிக்காம இருக்க அடிக்கிறது. இனிமேதான் பெயிண்டே அடிப்பாங்க."

"உங்களுக்கு என்ன ரசனை இருக்கு? பேசாம வாங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஊர் திரும்பியதும் போட்டோவை நீட்டி, தன் வீட்டு கேட்டுக்கும் அதே நிறம்தான் வேண்டும் என்றார். அரை நாளில் ப்ரைமரை மட்டும் அடித்துவிட்டு பிரஷைக் கழுவிவிட்டேன்.

ஆறு மாதமாகிறது. அவர் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் கேட்டிலேயே நின்று கேட்கிறார்கள்: "பெயிண்ட் எப்ப சார் அடிக்கப் போறீங்க?"